ஒட்டி எழுதிய முதன்மை எண்கள்



எண்ணெழுத்துப் பயிலத் தொடங்கிய குழந்தையிடம் 2ஐயும் 3ஐயும் சேர்த்தால் என்ன வரும் என்று கேட்டால், சில வேளைகளில் அக்குழந்தை 2ஐ எழுதி, அதன் பக்கத்திலே 3ஐயும் எழுதி, 23 என்று காட்டும். ஆசிரியர் சிரித்து, விடை ஐந்து என்று திருத்துவார். திருத்துவது முறையே. ஆயினும், இரண்டு எண்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி எழுதுதல் என்னும் அச்செயலைக் கணித அறிஞர் வெறும் பிழையென்று தள்ளிவிடவில்லை. அதனை எடுத்து ஆராய்ந்தவர்கள், குழந்தையும் செய்யக்கூடிய அந்த எளிய செயலிலிருந்து, பேராற்றல் வாய்ந்த கணினிகளும் இன்றுவரை விடை காணாத வினாக்கள் பிறக்கக் கண்டார்கள். அவ்வினாக்களைப் பற்றியதே இப்பேச்சு. கையில் ஒரு தாளும் பென்சிலும் உள்ள நேயர்கள் உடன் கணக்கிட்டுக் கொண்டே கேட்கலாம்.

முதலில், முதன்மை எண் என்பது யாது? தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண் முதன்மை எண் எனப்படும். பகா எண் என்று வழங்குவதும் இதுவே. 2, 3, 5, 7, 11, 13 என இவ்வரிசை செல்கிறது. இவ்வரிசைக்கு முடிவில்லை என்பதைக் கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட் என்னும் கிரேக்க அறிஞர் நிறுவிக் காட்டினார். ஏனைய எண்கள், அதாவது 4, 6, 8, 9, 10 போன்றவை, முதன்மை எண்களைப் பெருக்கி ஆக்கப்பட்டவை. அவற்றைச் சேர்த்தி எண்கள் என்பர். 60 என்னும் எண்ணை எடுத்தால், அது 2, 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கம். எவர் பிரித்தாலும், எவ்வழியாகப் பிரித்தாலும், 60க்கு இந்நான்கு காரணிகளே கிடைக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் முதன்மைக் காரணிகளின் தொகுதி ஒன்றே ஒன்றுதான். இவ்வுண்மையின் மீதே எண்ணியல் முழுவதும் நிற்கிறது.

இனி, முதன்மை எண்களை ஒழுங்காக ஒட்டிப் பார்க்கலாம். 2 முதன்மை எண். 2ஐயும் 3ஐயும் ஒட்டினால் 23. அதுவும் முதன்மை எண். 5ஐயும் ஒட்டினால் 235. இது 5ஐ 47ஆல் பெருக்கக் கிடைப்பது. 7ஐயும் ஒட்டினால் 2357. இது மீண்டும் முதன்மை எண். இனியும் இவ்வாறே முதன்மை எண்கள் அடிக்கடி தோன்றும் என்று மனம் எதிர்பார்க்கிறது. அடுத்து வருவது 235711. அது 7, 151, 223 ஆகியவற்றின் பெருக்கம். அதற்கடுத்தது 23571113, அது 23, 29, 35339 ஆகியவற்றின் பெருக்கம். இவ்வாறு ஒட்டிக்கொண்டே சென்றால் அடுத்த முதன்மை எண் எங்கே கிடைக்கிறது தெரியுமா? முதல் 128 முதன்மை எண்களையும், அதாவது 2 தொடங்கி 719 வரையுள்ள எல்லாவற்றையும், ஒட்டி முடித்த பின்னர்தான். அவ்வெண்ணில் 355 இலக்கங்கள் உள்ளன. முதல் நான்கு படிகளுக்குள் மூன்று முறை கிடைத்த முதன்மை எண், அடுத்த முறை கிடைப்பதற்கு 124 படிகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. சில எடுத்துக்காட்டுகளைக் கண்டு விதியொன்றை ஊகித்துவிடுதல் எத்துணை இடரானது என்பதற்கு இது முதற் சான்று. இப்பேச்சின் முடிவில் இதனினும் பெரிய சான்று ஒன்று வரும்.

இதே ஒட்டெண்ணைத் தசமப் புள்ளிக்கு வலப்புறத்தில் முடிவின்றி எழுதிச் சென்றால், சுழியம், புள்ளி, 2, 3, 5, 7, 1, 1, 1, 3 எனத் தொடங்கும் ஓர் எண் கிடைக்கும். 1946ஆம் ஆண்டில் ஆர்தர் கோப்லண்ட், போல் ஏர்டிஷ் என்னும் இருவர் இதனைப் பற்றி ஓர் அழகிய உண்மையை நிறுவினர். அவ்வெண்ணின் முடிவற்ற இலக்க வரிசையில் 0 முதல் 9 வரையுள்ள ஒவ்வோர் இலக்கமும், நெடுந்தொலைவு செல்லச் செல்ல, சமமான அளவில் இடம்பெறும். ஓரிலக்கங்கள் மட்டுமல்ல, 00 முதல் 99 வரையுள்ள ஈரிலக்கக் கூட்டங்களும், மூவிலக்கக் கூட்டங்களும் அவ்வாறே சமமாக இடம்பெறும். ஒட்டெண்ணை முழுவதாக நோக்கும்போது இத்தகைய ஒழுங்கு தோன்றுகிறது. ஆனால், ஒரு குறித்த இடத்தில் நிறுத்தி, இவ்வெண்ணின் காரணிகள் யாவை என்று கேட்டால், அவ்வொழுங்கு உதவிக்கு வருவதில்லை.

உதவக்கூடிய சிறு விதிகள் சில உண்டு. அவற்றை அறிவதற்கு, ஒட்டுதல் என்பது கணக்கில் எதனைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். 7ஐயும் 11ஐயும் ஒட்டினால் 711. இது 7ஐ 100ஆல் பெருக்கி, 11ஐக் கூட்டியதே அன்றோ? இரண்டாவது எண்ணில் எத்தனை இலக்கங்கள் உண்டோ, அத்தனை சுழியங்களை முதலாவது எண்ணுக்குப் பின்னே இட்டு, இரண்டாவதைக் கூட்டுகிறோம். ஆகவே ஒட்டுதல் என்பது பெருக்கலும் கூட்டலும் கலந்த ஒரு செயல். காரணிகள் பெருக்கலுக்கு இணங்குவன, கூட்டலுக்கு இணங்காதன. இவ்விடத்திலேதான் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டு வேறு வேறான முதன்மை எண்களை ஒட்டும்போது, 2 அல்லது 5 பின்னே நில்லாதவிடத்து, அவ்விரண்டில் எதுவும் ஒட்டெண்ணின் காரணியாக அமைய இயலாது. 711ஐ 7 வகுக்க வேண்டுமானால், 700ஐ அது வகுப்பதால், 11ஐயும் வகுக்க வேண்டும்; அது நடவாது. 11 வகுக்க வேண்டுமானால் 700ஐ வகுக்க வேண்டும்; அதுவும் நடவாது. 711இன் காரணிகள் 3, 3, 79 என்பவையே. அவ்வாறே 13ஐயும் 17ஐயும் ஒட்டினால் 1317. அதன் காரணிகள் 3, 439. ஒட்டப்பட்ட எண்களின் சாயல் ஒட்டெண்ணின் காரணிகளில் சிறிதும் தெரிவதில்லை.

3 மட்டும் தன் வரவை முன்னரே அறிவித்துவிடுகிறது. ஓர் எண்ணின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபடுமானால் அவ்வெண்ணும் 3ஆல் வகுபடும் என்பது பள்ளியில் பயின்ற விதி. எனவே 7, 11 என்பவற்றின் கூட்டுத்தொகையாகிய 18, 3ஆல் வகுபடுவதால், 711உம் வகுபடுகிறது. 117உம் வகுபடும். இவ்விதியைக் கைக்கொண்டு ஒரு புதிரை விடுவிக்கலாம். எந்த இரண்டை எடுத்து, எவ்வொழுங்கில் ஒட்டினாலும் முதன்மை எண்ணே கிடைக்கும்படியான நான்கு முதன்மை எண்கள் உண்டா? உண்டு: 3, 7, 109, 673. இவற்றுள் 7ஐயும் 109ஐயும் ஒட்டினால் 7109. மாற்றி ஒட்டினால் 1097. இரண்டும் முதன்மை எண்கள். ஏனைய பத்து ஒட்டெண்களும் அத்தகையனவே. இங்கே 2உம் 5உம் இடம்பெற இயலாது. அவை பின்னே நின்றால் ஒட்டெண் அவற்றாலேயே வகுபட்டுவிடும். மேலும் 3 நீங்கலாக ஏனைய மூன்றும் 3ஆல் வகுக்கும்போது ஒரே மீதியைத் தரவேண்டும். 7, 109, 673 ஆகிய மூன்றும் மீதி 1ஐத் தருவதை நேயர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம். ஒன்று மீதி 2ஐத் தந்திருந்தால், 7உம் 11உம் ஒட்டியபோது நேர்ந்ததே நேர்ந்திருக்கும்.

இவ்வளவும் முன்னுரை. ஒட்டுதலையும் காரணிப்படுத்தலையும் மாறி மாறிச் செய்தால் என்னவாகும் என்ற வினாவே இப்பொருளின் மையம். 1990ஆம் ஆண்டில் ஜெப்ரி ஹெலீன் என்பவர் இதனை ஒரு விளையாட்டாக வெளியிட்டார். ஏதேனும் ஓர் எண்ணை எடுக்க வேண்டும். அதன் முதன்மைக் காரணிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக ஒட்டி எழுத வேண்டும். கிடைத்த எண்ணை மீண்டும் காரணிப்படுத்தி, மீண்டும் ஒட்ட வேண்டும். முதன்மை எண் ஒன்று வந்தால் விளையாட்டு முடிந்தது. அந்த முடிவெண், தொடங்கிய எண்ணின் வீடு எனப்படும்.

10ஐ எடுத்துக்கொள்க. அது 2, 5 ஆகியவற்றின் பெருக்கம், ஒட்டினால் 25. 25 என்பது 5, 5, ஒட்டினால் 55. 55 என்பது 5, 11, ஒட்டினால் 511. 511 என்பது 7, 73, ஒட்டினால் 773. 773 முதன்மை எண். ஆகவே 10 நான்கு படிகளில் வீடு சேர்ந்தது. 9 இரண்டே படிகளில் சேரும்: 33, பின்னர் 311. 14 ஐந்து படிகளில் 13367ஐ அடையும்.

இவற்றைக் கண்டு சிறிய எண்கள் யாவும் எளிதில் வீடு சேரும் என்று கருதிவிடலாகாது. 8ஐ எடுத்தால், முதற்படியில் 222, பின்னர் 2337, பின்னர் 31941, பின்னர் 33371313. அடுத்த படியில் முப்பத்தொரு கோடியைக் கடந்து 311123771 ஆகிறது. அது நிற்காமல் ஏறிச்சென்று, 13ஆம் படியில் 3331113965338635107 என்னும் 19 இலக்க முதன்மை எண்ணை அடைகிறது. 20 என்னும் எண் 15 படிகள் ஏற வேண்டும். 80இன் வீடு 48 இலக்கங்களை உடையது.

இவ்வழியில் சென்ற எண் எப்போதாவது திரும்பி வந்து அதே இடத்தில் சுழலக்கூடுமா? ஒருபோதும் முடியாது. 7ஐயும் 11ஐயும் பெருக்கினால் 77. ஒட்டினால் 7ஐ 100ஆல் பெருக்கி அதற்கு மேலும் 11ஐக் கூட்டுகிறோம். 100 என்பது 11ஐவிடப் பெரிது. எவ்விரு எண்களை எடுத்தாலும், பின்னுள்ள எண்ணைவிட அதற்குரிய சுழியங்களையுடைய எண் பெரிதாகவே இருக்கும். ஆகவே ஒட்டெண் எப்பொழுதும் பெருக்கத்தினும் பெரியது. ஒவ்வொரு படியும் மேல்நோக்கியதே. இறக்கம் என்பது இல்லை. எனவே இரண்டே முடிவுகள் உண்டு: ஏதேனும் ஒரு படியில் முதன்மை எண்ணைச் சேர்தல், அன்றேல் முடிவின்றி ஏறிக்கொண்டே இருத்தல்.

100 வரையுள்ள எண்களில் இரண்டைத் தவிர மற்றெல்லாவற்றின் வீடும் அறியப்பட்டுள்ளது. அவ்விரண்டும் 49, 77 என்பன. உண்மையில் அவை ஒன்றே. 49 என்பது 7, 7 ஆதலின் முதற்படியிலேயே அது 77 ஆகிவிடுகிறது. பின்னர் 711, 3379, 31109, 132393, 344131, 1731653, 71143523, 11115771019 என்று செல்கிறது. ஒன்பது படிகளில் 11 இலக்கங்கள். ஆர்வலர் பலர் தம் கணினிகளைப் பல ஆண்டுகளாக இதற்கென ஓட்டி, 100க்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் சென்றுள்ளனர். எண்ணின் நீளம் 200 இலக்கங்களைத் தாண்டிவிட்டது. முதன்மை எண் ஒன்று இன்னும் எதிர்ப்படவில்லை.

கணினிகள் ஏன் இங்கே தயங்குகின்றன? ஓர் எண் முதன்மை எண்ணா என்று சோதிப்பது ஒன்று. அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது வேறொன்று. இவ்விரு வினாக்களின் சிறப்பையும் ஜெர்மனிய அறிஞர் கௌஸ் 1801இல் வெளியிட்ட தம் எண்ணியல் நூலிலேயே எடுத்துரைத்திருந்தார். முதலாவது வினாவுக்கு 2002இல் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் விரைவான, ஐயத்துக்கிடமற்ற ஒரு முறை உண்டு என்று நிறுவினர். ஆகவே பல நூறு இலக்கங்களையுடைய எண்ணும் முதன்மை எண்ணா அன்றா என்று விரைவில் சொல்லிவிடலாம். ஆனால் முதன்மை எண் அன்று என்று தெரிந்த பின்னும், அதன் காரணிகள் யாவை என்பது மறைந்தே கிடக்கலாம். வீடு தேடும் விளையாட்டில் அடுத்த படிக்குக் காரணிகள் வேண்டும். அவை கிடைக்காவிட்டால் ஏணியின் அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது.

இவ்வருமை வெறும் விளையாட்டுக்குரியதன்று. 1977இல் றிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் இதனையே அரணாகக் கொண்டு ஒரு மறைகுறியீட்டு முறையை அமைத்தனர். இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்திலிருந்து அவ்விரண்டையும் மீட்பது கடினம் என்பதே அதன் அடிப்படை. அவ்வாண்டிலேயே 129 இலக்கங்களையுடைய ஓர் எண் உலகத்தாருக்குச் சவாலாக வெளியிடப்பட்டது. அதன் காரணிகள் 1994இல், நூற்றுக்கணக்கான தன்னார்வலர் தம் கணினிகளை ஒன்றுசேர்த்து உழைத்த பின்னரே கிடைத்தன. 2020இல் 250 இலக்கங்களையுடைய மற்றோர் எண் பிரிக்கப்பட்டது. அவ்வேலையைக் கணினியின் ஒரே ஒரு கணிப்பகத்திடம் விட்டிருந்தால் ஏறத்தாழ 2700 ஆண்டுகள் சென்றிருக்கும் என்பது கணிப்பு. 49இன் வீட்டைத் தேடுவோர் இன்று நிற்பதும் இவ்வெல்லைக்கு அருகிலேயே.

ஆயினும் 49 என்றேனும் வீடு சேரும் என்றே பெரும்பாலார் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. எண்கள் பெரிதாகப் பெரிதாக முதன்மை எண்கள் அருகிச் செல்கின்றன என்பது உண்மைதான். பத்து இலக்க எண்களில் ஏறத்தாழ 23இல் ஒன்றும், நூறு இலக்க எண்களில் ஏறத்தாழ 230இல் ஒன்றும் முதன்மை எண்ணாக இருக்கும். ஆனால் ஒட்டெண்ணின் இறுதியில் பெரும்பாலும் 1, 3, 7, 9 ஆகிய இலக்கங்களில் ஒன்றே நிற்பதால், வாய்ப்பு இரண்டரை மடங்காகிறது. 230இல் ஒன்று என்பது 92இல் ஒன்றாகிறது. அத்துடன் ஒரு படிக்கு ஓரிரண்டு இலக்கங்களே பெரும்பாலும் கூடுகின்றன. வாய்ப்பு மெல்ல மெல்லவே குறைகிறது, முயற்சிகளுக்கோ எல்லையில்லை. ஆதலின் ஏதோ ஒரு படியில் முதன்மை எண் வாய்க்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் இது எதிர்பார்ப்பே, நிறுவல் அன்று.

எதிர்பார்ப்புக்கும் நிறுவலுக்கும் உள்ள வேற்றுமையை நன்கு காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய ஜோன் கொன்வே, எண்களோடும் விளையாட்டுகளோடும் வாழ்நாள் முழுவதும் உறவாடியவர். அவர் 2014இல் ஐந்து வினாக்களை வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் டொலர் பரிசு அறிவித்தார். அவற்றுள் ஒன்று ஒட்டெண் பற்றியது. ஹெலீனின் விளையாட்டிலிருந்து அது சிறிதே வேறுபட்டது. ஒரு காரணி பலமுறை வந்தால் அதனைப் பலமுறை எழுதாமல், ஒருமுறை எழுதி, எத்தனை முறை வருகிறது என்பதைக் காட்டும் சுட்டியையும் பக்கத்தில் இலக்கமாக எழுத வேண்டும்.

60 என்பது 2இன் வர்க்கம், 3, 5 ஆகியவற்றின் பெருக்கம். ஆகவே 2, அதன் சுட்டி 2, பின்னர் 3, 5, ஒட்டினால் 2235. அதன் காரணிகள் 3, 5, 149, ஒட்டினால் 35149. அது முதன்மை எண். மற்றொன்று: 1024 என்பது 2இன் பத்தாம் அடுக்கு. 2, 10 என எழுத, 210. அதன் காரணிகள் 2, 3, 5, 7, ஒட்டினால் 2357. பேச்சின் தொடக்கத்தில் கண்ட அதே முதன்மை எண் இங்கே வேறு வழியாக வந்து நிற்கிறது. எவ்வெண்ணில் தொடங்கினாலும் இவ்வாறு முதன்மை எண்ணில் முடியும் என்பதே கொன்வேயின் ஊகம். அதனை நிறுவுவோருக்கோ, பொய்யெனக் காட்டுவோருக்கோ பரிசு.

1024இலிருந்து 210க்கு வந்ததை நேயர்கள் கவனித்திருப்பார்கள். எண் பெரிதாகவில்லை, சிறிதாயிற்று. 32 என்பது 2இன் ஐந்தாம் அடுக்கு. அது 25 ஆகக் குறைகிறது. ஹெலீனின் விளையாட்டில் ஏற்றம் மட்டுமே உண்டு. கொன்வேயின் விளையாட்டில் இறக்கமும் உண்டு. இறக்கம் உள்ள இடத்தில், ஏறாமலும் இறங்காமலும் ஓரிடத்திலேயே நின்றுவிடும் எண் ஒன்று இருக்கக்கூடாதா? அதாவது, தன் காரணிகளையும் சுட்டிகளையும் ஒட்டினால் மீண்டும் தானே ஆகிவிடும் ஒரு சேர்த்தி எண். அத்தகைய எண் இருப்பின் அது என்றும் முதன்மை எண்ணை அடையாது. ஊகம் அந்தக் கணமே வீழ்ந்துவிடும்.

2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜேம்ஸ் டேவிஸ் என்பவர் அத்தகைய எண்ணைக் கண்டுபிடித்தார். அது 14 இலக்கங்களை உடையது: 13532385396179. அதன் காரணிகள் 13, 53இன் வர்க்கம், 3853, 96179 என்பன. இவற்றை ஒட்டி எழுதுக: 13, பின்னர் 53, அதன் சுட்டி 2, பின்னர் 3853, இறுதியில் 96179. கிடைப்பது 13532385396179. தொடங்கிய எண்ணே திரும்பி வந்துவிட்டது.

எண் பெரிதாயினும், அதனைக் கண்ட வழி மிக எளிமையானது. கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்து இதனை அடைய வேண்டியதில்லை. தேடும் எண்ணின் மிகப் பெரிய முதன்மைக் காரணியை வால் என்று வைத்துக்கொள்க. அது ஐந்து இலக்கங்களை உடையதாக இருக்கட்டும். ஏனைய காரணிகளைப் பெருக்கி வருவதை உடல் என்க. அவ்வேனைய காரணிகளை ஒட்டி வருவதை முகம் என்க. உடலை வாலால் பெருக்கினால் எண் கிடைக்கும். முகத்துக்குப் பின்னே ஐந்து சுழியங்களை இட்டு வாலைக் கூட்டினால் ஒட்டெண் கிடைக்கும். இவ்விரண்டும் சமமாக வேண்டும். இரு பக்கங்களிலிருந்தும் ஒரு வாலைக் கழித்துவிட்டால், உடலில் ஒன்று குறைத்து வாலால் பெருக்கியதும், முகத்தை ஓர் இலட்சத்தால் பெருக்கியதும் சமமாகும்.

இப்போது 13, 53இன் வர்க்கம், 3853 ஆகியவற்றைப் பெருக்கிப் பார்க்கலாம். 53இன் வர்க்கம் 2809. அதனை 13ஆல் பெருக்க 36517. அதனை 3853ஆல் பெருக்க 140700001. இதுவே உடல். ஒன்றைக் குறைத்தால் 140700000. அதாவது 1407ஐ ஓர் இலட்சத்தால் பெருக்கியது. இரு பக்கத்து இலட்சங்களும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. எஞ்சுவது, வாலை 1407ஆல் பெருக்கினால் முகம் வரவேண்டும் என்பதே. முகம் 135323853. அதனை 1407ஆல் வகுத்தால் மீதியின்றி 96179 வருகிறது. அது ஐந்து இலக்கங்களை உடையது. முதன்மை எண்ணும் ஆகும். வேண்டிய யாவும் பொருந்திவிட்டன. பள்ளி மாணவர் ஒருவர் தாளும் பென்சிலும் கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் இதனைச் சரிபார்த்துவிடலாம். ஊகத்தின் முடிவு இவ்வளவு எளிய கணக்கில் அடங்கியிருந்தது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. ஊகத்தை ஆதரித்துப் பேசிய எடுத்துக்காட்டுகள் எத்தனையோ. அவை அனைத்தும் சேர்ந்தும் ஊகத்தை நிலைநாட்ட இயலவில்லை. எதிர்த்து வந்தது ஒரே ஓர் எண், அதுவே போதுமாயிற்று. கணிதத்தில் தீர்ப்பு எண்ணிக்கையால் அமைவதில்லை. இரண்டாவது செய்தி, அவ்வோர் எண்ணைத் தேடிய முறையைப் பற்றியது. முடிவெண் எத்தகைய வடிவில் இருக்க வேண்டும் என்று முதலில் எண்ணிப் பார்த்து, அவ்வடிவத்துக்குச் சமன்பாடு எழுதிய பின்னரே தேடல் எளிதாயிற்று. வினாவை எழுப்பிய கொன்வே 2020 ஏப்ரலில் காலமானார். தம் ஊகம் வீழ்ந்ததைத் தம் வாழ்நாளிலேயே அவர் காண நேர்ந்தது.

எல்லா எண்களும் முதன்மை எண்ணை அடையும் என்ற ஊகம் போயிற்று. ஆனால் இன்ன எண் அடையுமா என்ற தனித்தனி வினாக்கள் போகவில்லை. கொன்வேயின் முறையில் 20ஐ எடுத்தால், 225, 3252, 223271, 297699 என்று அது ஏறிச் செல்கிறது. அதன் முடிவை இன்றுவரை எவரும் கண்டிலர். ஹெலீனின் முறையில் 49 அவ்வாறே நிற்கிறது. அங்கே டேவிஸ் கண்டது போன்ற நிலையெண் இருக்க வழியில்லை. ஒவ்வொரு படியும் ஏற்றமே என்பதை முன்னர் கண்டோம். ஆகவே 49க்கு இரு வழிகளே எஞ்சியுள்ளன: என்றேனும் ஒருநாள் வீடு சேர்தல், அன்றேல் என்றும் ஏறிக்கொண்டிருத்தல். முதலாவது உண்மையாயின், பொறுமையுடன் காரணிகளைத் தேடிச் செல்வோர் அதனை ஒருநாள் கண்டுவிடக் கூடும். இரண்டாவது உண்மையாயின், எத்தனை படிகள் ஏறினாலும் அதனைக் கண்டு சொல்ல முடியாது. அதற்கு வேறொரு நிறுவல் பிறக்க வேண்டும்.

தாளும் பென்சிலும் எடுத்துவைத்த நேயர்களுக்கு 49ஐக் கொடுத்து அனுப்புவது முறையன்று. அவர்கள் 15ஐ எடுத்துக்கொள்ளட்டும். அதன் காரணிகள் 3, 5, ஒட்டினால் 35. அங்கிருந்து ஹெலீனின் முறையில் தொடர்ந்தால், மொத்தம் நான்கு படிகளில் அது வீடு சேரும். சேரும் இடம் 1129. இடையிலுள்ள இரண்டு எண்கள் யாவை என்பதை அவர்களே கண்டுகொள்ளலாம்.